போருக்குப் பின் ஒரு பல்கலைக்கழகம்: காசு யார் கொடுத்தார்கள்?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல், லோயர் கேம்ப். உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'கல்வியும் சமுதாயமும்'. இருபது நிமிஷத்தில் அதைப் பேசி முடிக்க என்னால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் நடந்த கதையைச் சொல்வதுதான். அதனால் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கப் போகிற பொதுக்குழுவில் ஒரே ஒரு பொருள்தான் விவாதத்துக்கு வருகிறது. நம் கல்லூரியின் பழைய நூலகக் கட்டடம். மழை பெய்தால் எங்கே பக்கெட் வைக்கணும் என்பது மாணவர்களுக்கே மனப்பாடம். ஒரு சாரார், "அரசாங்கத்துக்கு மனு கொடுப்போம், கட்டடம் கட்டுவது சர்க்கார் வேலை" என்கிறார்கள். இன்னொரு சாரார், "மனு போட்டுக் காத்திருந்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வரும், நாமே வசூல் செய்து முடிப்போம்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் என் நண்பர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு மாதமாக நடந்த சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இடிந்தும் கொள்ளை போயும் கிடந்த கல்லூரிகளை வைத்துக்கொண்டு ஒரு ஊரே இதைக் கேட்டது. அந்த ஊரில் தமிழர்கள் நிறைய. அதுதான் சிங்கப்பூர், மலாயா.

கடல் தாண்டுவதற்கு முன்னால், நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. லோயர் கேம்ப் என்ற பெயரே பெரியாறு அணை கட்டிய காலத்தில் வேலையாட்கள் தங்கிய முகாமால் வந்ததுதான். கேம்ப் போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. 1895 அக்டோபரில் அணையைத் திறந்தார்கள். பென்னிகுக் துரை சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று சின்ன வயசில் பாட்டிமார் வாயால் கேட்காதவர் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இல்லை. 2013-ல் இங்கே மணிமண்டபம் திறந்ததிலிருந்து வெளியூர்க்காரர்களும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். தைப் பொங்கலன்று அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊர் நம் ஊர். அந்த நன்றி நமக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் சரித்திர வாத்தியார் என்ற முறையில் இதையும் சொல்லணும். அந்த அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறை கட்டியது. அரசு கஜானாவில் இருந்தது ஜனங்கள் கட்டிய வரி. தண்ணீர் வந்த பிறகு பாசனத் தீர்வை கட்டியதும் ஜனங்கள்தான். ஒரு பெரிய காரியம் நடந்தால் கொடுத்தவர் ஒருவரின் முகம் நமக்கு நினைவில் நிற்கிறது. கட்டிய ஆயிரம் பேரின் முகம் நிற்பதில்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் போவோம்.

அங்கேயும் கதை ஒரு கேம்ப்பில்தான் தொடங்குகிறது. இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்ததால் 'சிப்பாய் லைன்ஸ்' என்று பேர் வாங்கிய இடம். 1904-ல் டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் ஊர்ப் பெரியவர்கள் கவர்னரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் டாக்டர் ஆக ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்பது கோரிக்கை. உங்கள் பங்கைக் கொண்டுவாருங்கள் என்றது சர்க்கார். அவர்கள் திரட்டியது 87,077 வெள்ளி. அதில் 12,000 டான் ஜியாக் கிம் கையிலிருந்து வந்தது. (அந்தப் பக்கம் டாலரை வெள்ளி என்றுதான் நம்மவர்கள் சொல்வார்கள்.) 1905-ல் சிப்பாய் லைன்ஸில், பெண் மனநோயாளிகளுக்கான பழைய விடுதிக் கட்டடத்தில், 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. அதுதான் பின்னாளில் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரி ஆனது. கலை, அறிவியல் படிக்க 1928-ல் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது.

இரண்டு கல்லூரியும் இருந்தும் பல்கலைக்கழகம் கிடையாது. 1938-ல் பிரிட்டிஷ் அரசு மெக்லீன் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது. அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. அதன் சாரம்: பல்கலைக்கழகத்துக்கு இன்னும் காலம் கனியவில்லை, வேண்டுமானால் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆக்கிப் பார்க்கலாம். பாருங்க, இந்தப் பேச்சை நாமும் கேட்டிருக்கிறோம். "உங்க ஊருக்கு எதுக்குங்க காலேஜு?" என்ற அதே பேச்சுதான். இங்கிலீஷில் சொன்னால் அதற்குப் பேர் அறிக்கை.

அப்புறம் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அதற்கு முந்தைய நாள், குண்டுபட்டு இறந்த தங்கள் நண்பனை ஆஸ்பத்திரி வளாகத்தில் அடக்கம் செய்யப் போன மருத்துவ மாணவர்கள் மேலேயே பீரங்கிக் குண்டு விழுந்தது. நாளைக்கு டாக்டர் ஆக வேண்டிய பிள்ளைகள் அங்கேயே மடிந்தார்கள். ராஃபிள்ஸ் கல்லூரி வளாகம் ராணுவத்தின் கைக்குப் போனது. மூன்றரை வருஷ ஆட்சியில் புத்தகங்கள் சிதறின, ஆய்வுக்கூடம் பாழானது, படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் எங்கெங்கோ போனார்கள்.

அந்த மூன்றரை வருஷத்தில் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போகக் கூடாது. சயாம்–பர்மா ரயில் பாதை போட அவர்களை ஆயிரமாயிரமாக அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குப் புத்தகம்கூட இல்லை. அவர்கள் கதை இந்தக் கல்லூரிக் கதைக்குள் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

1945-ல் போர் முடிந்தது. வென்ற நாடுதான் பிரிட்டன், ஆனால் கையில் காசில்லை. அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. போர்க் காலத்தில்கூட ரேஷன் வைக்காத ரொட்டிக்கு 1946-ல் ரேஷன் வைத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் காலனி நாட்டுக் கல்லூரிகளைச் சீர்செய்யப் பணம் ஒதுக்குவதா என்ற கேள்வி லண்டனில் எழாமல் இருக்குமா?

ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு வேலை நடந்திருந்தது. 1943-ல் நீதிபதி ஆஸ்குவித் தலைமையில், காலனிகளில் உயர்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஒரு குழு போட்டிருந்தார்கள். 1945 ஜூனில் அறிக்கை வந்தது. அதே வருஷம் காலனி வளர்ச்சி, நலச் சட்டத்தின் கீழ் பத்து வருஷத்துக்கு 12 கோடி பவுன் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. ரோடு, ஆஸ்பத்திரி, விவசாயம் எல்லாவற்றுக்குமான அந்தத் தொகையில் உயர்கல்விக்கும் ஒரு பங்கு உண்டு. மாணவர்கள் இதைக் கவனிக்கணும். பணம் வருவதற்கு முன்னாலேயே திட்டம் தயாராக இருந்தது. கஜானா திறக்கும் நாளில் கையில் காகிதம் வைத்திருந்தவனுக்குத்தான் கிடைத்தது.

அந்தத் திட்டப்படி 1948-ல் நைஜீரியாவில் இபாதான், கோல்டு கோஸ்ட், மேற்கிந்தியத் தீவுகள் என்று வரிசையாகப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் வந்தன. பட்டம் மட்டும் லண்டன் பல்கலைக்கழகத்தின் பெயரில். ஜமைக்காவில் மோனா என்ற இடத்தில் தொடங்கிய கல்லூரியின் முதல் வகுப்பில் 33 மருத்துவ மாணவர்கள். அவர்களுக்குக் கிடைத்த இடம், போர்க் காலத்தில் ஜிப்ரால்டரிலிருந்து வந்த அகதிகளுக்காகப் போட்டிருந்த மரக் கொட்டகைகள். அந்த இடத்துக்குப் பேர் ஜிப்ரால்டர் கேம்ப். லோயர் கேம்ப்காரர்கள் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், கேம்ப்பில் தொடங்கியது எதுவும் கெட்டுப்போகவில்லை!

எல்லா இடத்திலும் முடிவு சுலபமாக வந்துவிடவில்லை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பம்பாயிலிருந்து போன மோடி என்ற பார்சி வணிகர் கொடுத்த பணத்தில் எழுந்த கட்டடம் அது. போரில் கூரை போனது. மரச்சாமான் எல்லாம் விறகாகப் போனது. அதை மறுபடி எழுப்புவதா வேண்டாமா என்பதையே லண்டனும் ஹாங்காங்கும் சில வருஷம் கடிதம் எழுதிப் பேசிக்கொண்டிருந்தன. யார் தலையில் செலவு என்பதுதான் இழுபறி.

மலாயாவில் வேறு மாதிரி நடந்தது. 1946-லேயே இரண்டு கல்லூரிகளும் இருக்கிற கட்டடத்தில் வகுப்பைத் தொடங்கிவிட்டன. 1947-ல் கார்-சாண்டர்ஸ் என்ற லண்டன் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. முதலில் பல்கலைக்கழகக் கல்லூரி, அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் ஆஸ்குவித் குழு போட்ட வரிசை. கார்-சாண்டர்ஸ் குழு அந்தப் படியைத் தாண்டச் சொன்னது. லண்டன் பட்டம் வேண்டாம், நேரடியாகச் சொந்தப் பட்டம் வழங்கும் முழுப் பல்கலைக்கழகம், அதுவும் உடனே. பிரிட்டிஷ் அரசு மானியம் தந்தது, சிங்கப்பூர், மலாயா அரசுகள் வருஷச் செலவை ஏற்றன, பொதுமக்களிடம் நன்கொடை நிதியும் திரட்டினார்கள். 1949 அக்டோபர் 8-ஆம் தேதி மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால் காலம் கனியவில்லை என்றார்கள். பத்து வருஷம் கழித்துப் போரில் எல்லாம் போன பிறகு, கையில் காசும் இல்லாத நேரத்தில், உடனே வேண்டும் என்றார்கள். இது எப்படி? என் வாசிப்பில், மாறியது கேள்விதான். முதல் குழு, "இவர்கள் தகுதியாகிவிட்டார்களா?" என்று கேட்டது. இரண்டாவது குழுவின் காலத்தில், "இனிமேலும் தள்ளிப்போட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்க வேண்டிய நிலைமை. இந்தியா விடுதலை அடைந்துவிட்டது. நாளைக்கு மலாயாவும் தன்னைத் தானே ஆளப் போகிறது. டாக்டரும் வாத்தியாரும் அதிகாரியும் எங்கிருந்து வருவார்கள்? அரசாங்கம் கேட்கும் கேள்வியை மாற்ற முடிந்தால், அதன் பதிலும் மாறும். நாம் மனு எழுதும்போது இதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. ஜோகூர் பாருவில் பிரமாண்டமாகப் புது வளாகம் கட்டலாம் என்று அந்தக் குழு சொன்னது. அந்த வளாகம் வரவே இல்லை. அதற்காகப் பல்கலைக்கழகம் காத்திருக்கவும் இல்லை. பழைய ராஃபிள்ஸ் கல்லூரியிலும் சிப்பாய் லைன்ஸிலுமே வகுப்பு நடந்தது. அந்தப் பழைய கட்டடத்தில் படித்தவர்களில் எஸ். ஆர். நாதன் என்ற தமிழரும் ஒருவர். இளம் வயசில் வீட்டைவிட்டுப் போனவர். வேலை பார்த்துக்கொண்டே பள்ளித் தேர்வை முடித்து, வயசு கூடிய மாணவராகச் சேர்ந்து, 1954-ல் சமூகவியல் பட்டயம் வாங்கினார். பிறகு சிங்கப்பூரின் குடியரசுத் தலைவராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தார்.

இப்போது நான் பாக்கி வைத்த விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் தந்த மானியத்தை நாம் என்ன பேர் சொல்லி அழைப்பது? தானமா? போருக்குப் பின் பிரிட்டனுக்கு டாலர் பஞ்சம். அந்த நேரத்தில் அதன் காலனிகளில் அதிக டாலர் சம்பாதித்துக் கொடுத்தது மலாயா. எதனால்? ரப்பராலும் ஈயத்தாலும். விடியற்காலை இருட்டில் எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு அந்த ரப்பர் மரத்தைச் சீவியவர்களில் ஏராளமானோர் யார்? நம் தமிழ் ஜனங்கள். சயாமுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்களும், திரும்பாதவர்களின் பெண்டு பிள்ளைகளும்தான். அவர்கள் சீவிய பால் டாலராகி, டாலர் லண்டன் போய், அதில் ஒரு துளி மானியமாகத் திரும்பி வந்தது. வந்த பணத்தில் எழுந்த பல்கலைக்கழகத்தின் வாசலை அவர்கள் பிள்ளைகளால் மிதிக்க முடிந்ததா? தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பு முடிந்தால் பெரும்பாலும் அவ்வளவுதான். பல்கலைக்கழகமோ ஆங்கிலத்தில். கட்டியவன் ஒருவன், உள்ளே போனவன் ஒருவன்.

இதை அங்கிருந்த தமிழர்கள் சும்மா விடவில்லை. 1950-களில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்குவது பற்றிப் பேச்சு வந்தது. யோசனை சொல்ல நம் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரை அழைத்தார்கள். துறையின் முதல் மொழி சமஸ்கிருதமா தமிழா என்று பெரிய வாதம் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, திருவாரூரில் பிறந்தவர், பத்திரிகையில் எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கினார். துறைக்குத் தமிழ் நூலகம் வேண்டும், அதற்கு நாமே கொடுப்போம் என்றார். துறைமுகத் தொழிலாளியும், தோட்டத்துத் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும் கொடுத்தார்கள். கல்லூரி வாசலைப் பார்க்காதவன் கல்லூரி நூலகத்துக்குக் காசு கொடுத்தான். 1956-ல் துறை வந்தது, தமிழ் அதில் நிலைத்தது. பிறகு கோலாலம்பூருக்குப் போன அந்தத் துறைக்குத் தனிநாயகம் அடிகளார் தலைவராக வந்தார். 1966-ல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதும் அந்தக் கோலாலம்பூரில்தான். அரசு மானியம் கட்டடமும் சம்பளமும் கொடுத்தது. அந்தக் கட்டடத்துக்குள் தமிழுக்கு ஒரு நாற்காலி போட்டது தொழிலாளியின் காசு.

"பார்த்தீர்களா, மக்கள் பணமே போதும், சர்க்காரை நம்ப வேண்டாம்" என்று நம் வசூல் கட்சி நண்பர்கள் கை தட்டத் தயாராகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே சிங்கப்பூரில் சீன மக்கள் முழுக்க முழுக்கத் தங்கள் பணத்தில் நன்யாங் பல்கலைக்கழகத்தைக் கட்டினார்கள். பெரிய முதலாளிகள் கொடுத்தார்கள், ரிக்‌ஷாக்காரர்களும் ஒருநாள் கூலியைக் கொடுத்தார்கள். 1950-களின் நடுவில் தொடங்கியது. உணர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே வாங்கிய பட்டத்தை அரசு அங்கீகரிக்க 1968 ஆனது. அதுவரை பட்டம் வாங்கிய பிள்ளை அரசு வேலைக்கு அலைந்தான். 1980-ல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அரசு கைவிட்ட இடத்தில் மக்கள் பணம் கட்டடம் எழுப்பும். வருஷா வருஷம் சம்பளமும் பட்டத்துக்கு மதிப்பும் அரசு கொடுத்தால்தான் நிற்கும்.

ஆக, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அரசுப் பணம் என்பது யாரோ போடுகிற பிச்சை இல்லை, நாம் கொடுத்தது திரும்பி வருவது. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை, விட்டுக்கொடுப்பது முட்டாள்தனம். ஆனால் அரசுப் பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்துக்கொள்வது நம் கடமை. அந்தக் கடைசி ஓரத்தில்தான் நம் சொந்தக் காசுக்கு வேலை இருக்கிறது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். விடியற்காலையில் இந்த ரோட்டில் நின்றால் ஜீப் ஜீப்பாக நம் பெண்கள் மலை ஏறுவதைப் பார்க்கலாம். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிறார்கள். இவர்கள் பிள்ளைகள் இன்று நம் கல்லூரியில் படிக்கிறார்கள். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி ஆகப் போகிற பிள்ளைகள். இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தனி அறை கிடையாது, படிக்க மேஜை கிடையாது. நம் நூலகமோ சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறது. ஒழுகாத கூரை போட்டுவிட்டு, கதவை ஐந்து மணிக்கே பூட்டினால் அந்தப் பிள்ளைக்கு என்ன பிரயோசனம்? ரப்பர் தோட்டத்துக் கதைதான் மறுபடியும் நடக்கும்.

அதனால் பொதுக்குழு முன் என் யோசனையை வைக்கிறேன். ஒன்று, கூரைக்கும் கட்டடத்துக்கும் அரசிடம் கேட்போம். வெறும் மனுவாக அல்ல, இன்ஜினீயர் போட்ட எஸ்டிமேட்டோடு, எத்தனை பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள், இன்னும் இரண்டு மழைக்காலம் தள்ளினால் எத்தனை புத்தகம் போகும் என்ற கணக்கோடு. நம் பழைய மாணவர்களில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலையை அவர்கள் ஏற்கட்டும். இரண்டு, நாம் வசூல் செய்கிற பணத்தைச் சிமெண்டில் போட வேண்டாம். இரவு ஒன்பது மணி வரை நூலகம் திறந்திருக்க ஒருவருக்குச் சம்பளம், முதல் பட்டதாரிப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம், கடைசி பஸ்ஸைத் தவறவிடும் பெண்பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஒரு வண்டி. இதற்கு மட்டும் செலவு செய்வோம். மூன்று, யார் எவ்வளவு கொடுத்தாலும் கல்வெட்டு வேண்டாம். நூறு ரூபாய் கொடுத்தவர் பேரும் லட்சம் கொடுத்தவர் பேரும் ஒரே நோட்டில், ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது யோசனைக்கு முன்வரிசையில் ஒன்றிரண்டு முகம் சுருங்குவது தெரிகிறது. பரவாயில்லை, விவாதத்துக்குத்தானே பொதுக்குழு. எதிர்த்துப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி தங்கைகளே, நீங்களும் பொதுக்குழுவில் உட்காருங்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கணும் என்பதை எங்களைவிட நீங்கள்தான் சொல்ல முடியும்.

சாப்பாடு ஆறிப்போவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.